பழைய ஸ்போர்ட்ஸ் காரும் மின்சார காரும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கிறது. ஒன்று 1960-களின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இன்னொன்று தினசரி ஓட்டத்துக்கு ஒரு சின்ன மின்சார ஹேட்ச்பேக். இந்த ஜோடி யார் கண்ணில் பட்டாலும் கேள்வி வரும். பெட்ரோல் பங்க், டீக்கடை, கல்யாண மண்டபத்து பார்க்கிங், எங்கே போனாலும் அதே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கருத்தெல்லாம் என்னுடையது, ஒத்துவரவில்லை என்றால் தாராளமாகச் சண்டை போடுங்கள்.

ஹெரால்ட் எல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா அண்ணா?

இல்லை. அது டாக்டர்களும் வாத்தியார்களும் வைத்திருந்த குடும்ப கார். 948 சிசி எஞ்சின், அவசரமே படாது. ஆனால் அதற்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தம்பி உண்டு. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி இதே ஹெரால்டின் சேஸியை (அடிச்சட்டத்தை) நீளம் குறைத்து, மேலே இரண்டே சீட் உள்ள உடம்பை வைத்து 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்று விட்டது. இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961-லிருந்து ஹெரால்டைச் செய்துகொண்டிருந்தபோது, கோவென்ட்ரி கேன்லி ஆலையில் அதன் தம்பி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தான். 1980-ல் நிறுத்துவதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள்.

இதில் எனக்கு நேரடி லாபம் ஒன்று இருக்கிறது. ஸ்பிட்ஃபயருக்கு இன்றும் இங்கிலாந்தில் ஸ்பேர் பார்ட்ஸ் புதிதாகச் செய்கிறார்கள், அதில் கணிசமானவை ஹெரால்டுக்கும் பொருந்தும். பானெட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு பாயின்ட் (பிளக்குக்கு மின்பொறி போகும் நேரத்தைத் தீர்மானிக்கும் சின்ன ஸ்விட்ச்) செட் பண்ணலாம். இந்த வசதி இன்றைக்கு எந்த காரில் இருக்கிறது, சொல்லுங்கள்.

அப்போ எதைத்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்பீர்கள்?

எடை குறைவாக இருக்கிற காரை. என்னைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் அப்புறம்தான். குதிரைத்திறன், சிலிண்டர் எண்ணிக்கை, கதவு மேல்பக்கம் திறக்கிறதா பக்கவாட்டில் திறக்கிறதா என்பதெல்லாம் போஸ்டருக்கு நல்லது. முதல் ஸ்பிட்ஃபயரில் 1147 சிசி, 63 குதிரைத்திறன், அவ்வளவுதான். எடை 700 கிலோ சுற்று. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் என்ன நினைக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். பின்சக்கரம் என்ன நினைக்கிறது என்பதும் தெரியும், சில சமயம் கொஞ்சம் தாமதமாக: அதன் ஸ்விங் ஆக்ஸில் அமைப்பில் வளைவு நடுவே பட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கிக்கொள்ளும். 1970-களில்தான் அதை உருப்படியாகச் சரிசெய்தார்கள். குறையே இல்லாத கார் என்று நான் சொல்லவில்லை, உங்களோடு பேசுகிற கார் என்கிறேன்.

லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் வாழ்நாள் முழுக்க இதையே பிடித்துத் தொங்கினார். அவர் போன பிறகு 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ், ஒட்டி இணைத்த அலுமினிய சேஸியில் 725 கிலோ அளவில் நின்றது. நம் ஊரிலும் இதற்குச் சாட்சி உண்டு. 80-களில் பெங்களூரிலிருந்து வந்த சிபானி டால்ஃபின், கண்ணாடி இழை உடம்பும் 848 சிசி எஞ்சினும் கொண்ட பொம்மை மாதிரி வண்டி. குடும்பஸ்தர்கள் சீண்டவில்லை, சென்னைப் பக்கம் சோழவரத்தில் பந்தயம் ஓட்டியவர்கள் தேடிப்போய் வாங்கினார்கள். காரணம் எடை, வேறொன்றும் இல்லை.

உங்களுக்கு மின்சார கார் பிடிக்காது, அப்படித்தானே?

பிடிக்காமலா வாங்கினேன்? ஊருக்குள் ஓட்ட அதைவிட நல்ல வண்டி கிடையாது என்பது என் முடிவு. சிக்னலில் கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் போகாது, நின்ற இடத்தில் எஞ்சின் அதிராது, காலையில் முழு சார்ஜோடு நிற்கும். வீட்டு மின்சாரம் யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு யூனிட்டுக்கு 7 கிமீ ஓடினால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்கூட வராது. லிட்டருக்கு 15 கிமீ தரும் பெட்ரோல் காரில் அதே கிலோமீட்டருக்கு ஆறு, ஏழு ரூபாய் ஆகும்.

'மின்சார கார் நேற்று முளைத்த ஃபேஷன்' என்று சொல்கிற பழைய கார் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மணிக்கு 100 கிமீ வேகத்தை முதலில் தாண்டிய கார் பெட்ரோல் கார் இல்லை. 1899-ல் பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்சி பிரான்சில் ஓட்டிய டார்பிடோ வடிவ மின்சார கார் அது, 105 கிமீயைத் தாண்டியது. ஃபெர்டினாண்ட் போர்ஷே பேர் வாங்கத் தொடங்கியதும், சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்து 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய மின்சார வண்டியால்தான். ஆகவே வரலாற்றை வைத்து வாதாட வேண்டாம், அந்தப் பக்கமும் பலமாகவே இருக்கிறது.

பிறகு மின்சார ஸ்போர்ட்ஸ் கார் மேல் என்ன கோபம்?

கோபம் மின்சாரத்தின் மேல் இல்லை, தராசு முள்ளின் மேல். கணக்கைப் பாருங்கள். 40 லிட்டர் பெட்ரோல் 30 கிலோதான். அதற்குள் ஏறக்குறைய 350 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால் பங்கைச் சூடாக்கி வீணடித்தாலும் எண்பது சொச்சம் யூனிட் சக்கரத்துக்கு வந்துவிடும். 2008-ல் வந்த முதல் டெஸ்லா ரோட்ஸ்டரின் பேட்டரி 53 யூனிட், எடை 450 கிலோ. அந்த வண்டிக்கு அடிப்படை எது தெரியுமா? மேலே சொன்ன லோட்டஸ் எலீஸ்தான். டெஸ்லா லோட்டஸிடம் போய், அதன் சேஸியை மாற்றியமைத்து, லேப்டாப்பில் போடுகிற மாதிரி சின்ன செல்களை 6,800-க்கு மேல் அடுக்கிச் செய்தது. எலீஸ் மரபில் வந்த வண்டி 1,300 கிலோவைத் தொட்டுவிட்டது. அதன் பிறகு பேட்டரி எவ்வளவோ முன்னேறிவிட்டது, உண்மைதான். ஆனால் முன்னேறியதையெல்லாம் இன்னும் பெரிய பேட்டரி, இன்னும் பெரிய டயர், இன்னும் நாலு ஸ்கிரீன் என்று செலவழித்துவிட்டார்கள்.

எம்ஜி பெயர்ப்பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் வந்த எம்ஜிபி ஒரு டன்னுக்கும் குறைவு. இப்போது இந்தியாவிலும் விற்கிற மின்சார எம்ஜி சைபர்ஸ்டர், அதே இரண்டு சீட், அதே திறந்த கூரை, கிட்டத்தட்ட இரண்டு டன். போர்ஷே டைகான் இரண்டு டன்னுக்கும் மேல். 1961-ல் ஜெனீவாவில் உலகமே வாய்பிளந்து பார்த்த ஜாகுவார் ஈ-டைப், அந்தக் காலத்துப் பெரிய கார், அதுவே 1,300 கிலோதான். இரண்டு டன் வண்டியும் வளைவில் நன்றாகத்தான் திரும்புகிறது, நான் மறுக்கவில்லை. கணினியும் டயரும் பிரேக்கும் சேர்ந்து இயற்பியலை மடக்கிப் பிடித்துத் திருப்புகின்றன. ஓட்டுகிறவனுக்கு வேலை மிச்சமில்லை.

ஆனா ப்ரோ, மூணு செகண்டுல நூறு போகுதே!

போகும். முதல் தடவை வயிறு கலங்கும், பக்கத்தில் இருப்பவர் கத்துவார். கொஞ்ச நாளில் சலித்துவிடும். நேர்க்கோட்டில் வேகம் பிடிப்பதற்கு ஒரு திறமையும் வேண்டாம், காலை அழுத்தினால் போதும்.

சத்தம் இல்லாமல் எப்படி ஓட்டுவது?

இந்தக் கேள்வியில் என் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சத்தத்துக்காகவே உயிரை விடுகிறவர்கள் அதிகம். எனக்குச் சத்தம் என்பது தகவல்: எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது, கியர் மாற்ற வேண்டுமா, ஏதாவது கழன்று ஆடுகிறதா. மின்சார மோட்டாருக்குக் கியர் மாற்றுகிற வேலையே இல்லை, அந்தத் தகவல் தேவையும் இல்லை.

ஹூண்டாய் ஐயானிக் 5 என் என்றொரு வண்டி 2023-ல் வந்தது. இல்லாத எட்டு கியரைப் பொய்யாக உருவாக்கி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வெட்டு வெட்டி, ஸ்பீக்கரில் எஞ்சின் சத்தமும் தருகிறது. கியர் மாற்றாமல் விட்டால் வேகமும் ஏறாமல் முட்டி நிற்கும். ஏமாற்று வேலை என்கிறார்கள். நான் அதை விளையாட்டுப் பொருளாகப் பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் ஒரு பட்டனில் அணைத்துவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம்? வளைவுக்குள் போகும்போது எவ்வளவு வேகத்தில் இருக்கிறோம் என்பது காதுக்குத் தெரிகிறது, அது பயனுள்ள விஷயம். ஆனால் 2,200 கிலோ எடையை எந்த ஸ்பீக்கரும் மறைக்காது. வெளியே தெருவுக்குக் கேட்கிற மாதிரி போலிச் சத்தம் எழுப்புகிற வண்டிகளைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எதிர்வீட்டுத் தாத்தா தூங்க வேண்டும்.

பழைய காரில் மோட்டாரும் பேட்டரியும் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் லாபம்தானே?

அதிகம் வருகிற கேள்வி, அதிகம் வாக்குவாதம் வருகிற பதிலும் இதுதான். வேண்டாம் என்பேன்.

இங்கே என் எடைக் கட்சியே எனக்கு எதிராக நிற்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017-ல் ஜாகுவார் தானே ஒரு பழைய ஈ-டைப்பை மின்சாரத்துக்கு மாற்றிக் காட்டியது. 2018-ல் இளவரசர் ஹாரி கல்யாணத்தன்று மனைவியோடு வின்ட்சரிலிருந்து கிளம்பியது அந்த வண்டியில்தான், படம் பார்த்திருப்பீர்கள். அதில் 40 யூனிட் பேட்டரி. எடை, ஒரிஜினலைவிட 46 கிலோ குறைவு! பழைய இரும்பு எஞ்சினும் கியர்பாக்ஸும் அவ்வளவு கனம். உடம்பை வெட்டாமல், எஞ்சின் இருந்த இடத்திலேயே பொருந்துகிற மாதிரி செய்ததால் திரும்பப் பழையபடி மாற்றவும் முடியும் என்றார்கள். நல்ல வேலைதான். விற்பனைக்கும் கொண்டுவருவதாகச் சொன்னார்கள், பிறகு கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

அப்படியும் ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின்தான் ஈ-டைப்பின் பாதி. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப சோக்கை இழுத்து, அது இருமி, சூடாகி, ஒழுங்காக மூச்சுவிடுகிற வரை காத்திருப்பதும் சேர்ந்ததுதான் அந்த கார். மாற்றியபின் மிஞ்சுவது அழகான உடம்போடு ஒரு மின்சார கார், அவ்வளவே. அதில் தப்பில்லை, ஆனால் அதைப் பழைய கார் என்று அழைப்பதற்கு எனக்கு மனசு வராது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவும் 2019-ல் ஏறக்குறைய இதையே சொன்னது: இப்படி மாற்றிய வண்டியை வரலாற்று வாகனமாக ஏற்க முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி செய்து, கழற்றியதையெல்லாம் பத்திரமாக வையுங்கள் என்று.

விதிவிலக்கு உண்டு. எஞ்சின் எப்போதோ இரும்புக்கடைக்குப் போய், வெறும் கூடாக ஷெட்டில் கிடக்கிற வண்டி என்றால் தாராளமாக மாற்றுங்கள், சாவதற்குப் பதில் ஓடட்டும். ஆனால் இந்தியாவில் நினைத்த கடையில் மோட்டார் வாங்கிப் பொருத்திவிட முடியாது. ஏஆர்ஏஐ போன்ற பரிசோதனை அமைப்பு ஒப்புதல் தந்த கிட்டாக இருக்க வேண்டும், ஆர்டிஓவில் ஆர்சியில் எரிபொருள் வகையை மாற்ற வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஓட்டினால் விபத்து நடக்கிற அன்றைக்கு இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

பழைய கார் புகை கக்குமே, மனசாட்சி உறுத்தாதா?

கொஞ்சம் உறுத்தும். கணக்குப் போட்டால் குறையும். வருஷத்துக்கு 1,500 கிமீ, லிட்டருக்கு 10 கிமீ என்றால் 150 லிட்டர் பெட்ரோல், கிட்டத்தட்ட 350 கிலோ கார்பன் டை ஆக்சைடு. புதிய கார் ஒன்றைத் தயாரிப்பதற்கே, அது எந்தக் காராக இருந்தாலும், இதைவிடப் பல மடங்கு ஆகிவிடும். உருப்படியாகக் குறைக்க வேண்டியது தினசரி ஓட்டத்தை, அதனால்தான் அது மின்சாரத்துக்குப் போனது. நம் மின்சாரத்தில் இன்னும் நிலக்கரிதான் பெரும்பங்கு என்பார்கள். சரி, அதைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் சின்ன மின்சார கார் கிலோமீட்டருக்கு நூறு கிராம் அளவில்தான் வருகிறது, அதே அளவு பெட்ரோல் கார் நூற்றைம்பது. உள்ளூர் மூக்குக்குப் போகிற புகை விஷயத்தில் மட்டும் ஹெரால்டுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். பின்னால் வருகிற பைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஈ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்தபிறகு பழைய வண்டியை என்ன செய்வது?

பயப்படாமல் வேலையைச் செய்யுங்கள். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆகவே பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், பம்ப் டயஃப்ரமும் கார்புரேட்டர் வாஷர்களும் சேர்த்து. டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். எத்தனால் கலந்ததில் எரிபொருள்-காற்றுக் கலவை கொஞ்சம் மெலிந்து எஞ்சின் சூடாக ஓடும், கார்புரேட்டர் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட்டைப் பார்த்து டியூன் பண்ணச் சொல்லுங்கள். வண்டியில் சின்ன தீயணைப்பான் ஒன்று கட்டாயம். ஹோஸ் ஒழுகி சூடான மேனிஃபோல்டில் சொட்டினால் எஞ்சின் கெட்டதோடு நிற்காது.

வெயிலில் மின்சார கார் பேட்டரி போய்விடாதா?

குளிரூட்டும் அமைப்பு உள்ள பேட்டரிக்குப் பெரிய பயம் இல்லை. இந்தப் பேச்சு கிளம்பியதே 2010-ல் வந்த நிசான் லீஃபால்தான். அதன் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் சீக்கிரம் தளர்ந்தது. வாங்கும்போது அதைக் கேளுங்கள், நிழலில் நிறுத்துங்கள், போதும்.

வால்பாறைக்கு எந்த வண்டியில் போவீர்கள்?

ஏறுவதற்கு ஹெரால்ட், இறங்குவதற்கு மின்சார கார். சேர்ந்து வராது என்பதுதான் பிரச்சினை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஹெரால்டின் திரும்பு வட்டம் சுமார் 25 அடி, எதிரே பஸ் வந்தாலும் அலட்டிக்கொள்ளாமல் மடங்கும். இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு வளைவும் ஒரு வேலை, ஒவ்வொரு வேலையும் ஒரு சந்தோஷம். ரேடியேட்டர் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டிலில் தண்ணீர் வேண்டும். இறங்கும்போது கதை வேறு. டிரம் பிரேக், மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காது, தாழ்ந்த கியரிலேயே பொறுமையாக வர வேண்டும்.

மின்சார காரில் ஆயிரம் மீட்டர் ஏற, ஒன்றரை டன்னைத் தூக்கவே கூடுதலாக நாலு யூனிட் போய்விடும். பாதி மலையில் ரேஞ்ச் மளமளவென்று இறங்குவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இறங்கும்போது மோட்டாரே பிரேக் போட்டு அதில் பாதிக்கு மேல் திருப்பித் தரும், பிரேக் டிஸ்க் குளிர்ந்தே இருக்கும். மலைச்சரிவில் அந்த நிம்மதிக்கு ஈடாக எந்தப் பழைய காரும் எனக்கு எதையும் தந்ததில்லை.

லூகாஸ் வயரிங் பற்றி ஜோக் எல்லாம் உண்மையா?

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சார பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியின் நிறுவனர் ஜோசப் லூகாஸை பிரிட்டிஷ் கார்க்காரர்கள் 'இருட்டின் இளவரசர்' என்பார்கள், ஹெட்லைட் நினைத்தபோது அணையும் என்பதால். நிஜத்தில் முக்கால்வாசி பிரச்சினை எர்த் கனெக்‌ஷன் துருப்பிடிப்பதும், ஐம்பது வருஷமாக வந்தவர் போனவர் எல்லாம் வயரை முறுக்கி டேப் சுற்றியதும்தான். எர்த் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பாதி சரியாகும். சென்னை பாடியில் பஸ் ஸ்டாப்புக்கே பேர் கொடுத்த லூகாஸ் டிவிஎஸ் கம்பெனியின் மூதாதையரை நாமும் சேர்ந்து திட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

இன்றைய மின்சார கார்கள் 40 வருஷம் கழித்து கிளாசிக் ஆகுமா?

சில ஆகும். நம் பெங்களூர் ரேவா ஆக வேண்டும், 2001-லேயே ஓடியது, லண்டன் தெருக்களில் ஜி-விஸ் என்ற பேரில் கிண்டலும் வாங்கி, நெரிசல் கட்டணமும் கட்டாமல் திரிந்தது. முதல் டெஸ்லா ரோட்ஸ்டர் ஆகிவிட்டது என்றே சொல்லலாம். கார்பன் இழை உடம்போடு 1,200 கிலோவில் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 என் சொந்தப் பந்தயம். மின்சார காரில் எடையைப் பற்றிக் கவலைப்பட்ட வெகு சிலரில் அவர்களும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 90-களில் குத்தகைக்குக் கொடுத்த ஈவி1 மின்சார கார்களைத் திரும்ப வாங்கிப் பெரும்பாலும் நசுக்கிவிட்டது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பேட்டரி பெரிய தடை என்று நினைக்கவில்லை, செல்லை மாற்றக் கற்றுக்கொள்வார்கள். பயம் மென்பொருளில் இருக்கிறது. ஹெரால்டுக்கு ஒரு உதிரி பாகம் கிடைக்கவில்லை என்றால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். கம்பெனியின் சர்வர் நின்றுவிட்டால் எதைக் கடைவது? 2016-க்கு முந்தைய நிசான் லீஃப்களுக்கான ஆப் பிரிட்டனில் 2024-ல் நிறுத்தப்பட்டது. கார் ஓடுகிறது, தூரத்திலிருந்து சார்ஜ் பார்ப்பதும் ஏசி போடுவதும் போயிற்று. அது சின்ன விஷயம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அப்டேட்டை நம்பியிருக்கிற வண்டிகளுக்கு நாளை என்ன வழி என்று இப்போதே சட்டம் எழுத வேண்டும்.

முதன்முதலாகப் பழைய கார் வாங்குகிறேன், என்ன பார்க்கணும் சார்?

ஆர்சி. பெயின்ட் அப்புறம், எஞ்சின் அப்புறம். சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகாத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து துரு: கதவுக்குக் கீழே, பூட் தரையில், சேஸி முனைகளில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டிதான் இருக்கிறது. எஞ்சின் வேலை செய்ய ஆள் கிடைப்பார், நல்ல டிங்கரிங் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-லிருந்து 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட் தருகிறார்கள், கட்டணம் 20,000 ரூபாய். பெருமையாக இருக்கும் என்று உடனே ஓடாதீர்கள். அப்படிப் பதிந்த வண்டியை கண்காட்சி, ரேலி மாதிரி விஷயங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம், வழக்கமான ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிபன் சாப்பிட ஓட்டிக்கொண்டு போக நினைப்பவர் சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது.

உங்கள் மனசுக்குப் பிடித்த மின்சார ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் வரவில்லையா?

எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பேர்போன பிரிட்டிஷ் கம்பெனி கேட்டர்ஹாம் 2023-ல் 'ப்ராஜெக்ட் வி' என்று ஒரு மின்சார கூபேயைக் காட்டியது. எடை இலக்கு 1,190 கிலோ. எண்ணைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் அது வந்தாலும் இறக்குமதி வரியோடு சேர்த்து நம் கைக்கு எட்டாது.

இதையெல்லாம் நேரில் எங்கே பார்ப்பது?

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜிடீ கார் மியூசியம், 2015-லிருந்து இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், அரைநாள் ஒதுக்குங்கள். பந்தயம் நடக்கிற வாரமாக இருந்தால் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் போய்வாருங்கள். மாருதி 800 எஞ்சினை வைத்தே சின்னப் பந்தயக் கார்கள் கட்டி ஒரு தலைமுறைக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்த கரிவரதன் பெயரில் இருக்கிற தடம் அது. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் குறைவு.